விட்டுப் பிடிக்கும் பிணைப்பு: தானே ஆறும் ரப்பருக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வேட்டி காலையில் தகடு மாதிரி விறைப்பாக நிற்கும். மதியம் கூட்டப் பேருந்திலிருந்து இறங்கும்போது அதே வேட்டி வியர்வையில் துவண்டு காலோடு ஒட்டிக்கிடக்கும். பருத்தி இழைகளையும் கஞ்சியின் மாவுச்சத்தையும் காலையில் பிடித்து வைத்திருந்தது ஹைட்ரஜன் பிணைப்பு. மதியம் அந்தப் பிடியைக் கழற்றியது தண்ணீர். இஸ்திரி போடுபவர் துணிமேல் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெட்டியை வைப்பதும் இதனால்தான். பழைய பிடியை நனைத்துத் தளர்த்துகிறார். பிறகு சூட்டில் தண்ணீரை ஓட்டிவிட, இழைகள் நேராகக் கிடந்தபடியே புதிதாகப் பிடித்துக்கொள்கின்றன.

இந்த வேட்டியை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி போன மாதம் ஒரு கேள்வியோடு வந்தாள். தோலில் ஒட்டி அணியும் உணர்கருவிக்கு அடிப்படலம் ஒன்று செய்ய வேண்டும். இரண்டு மூன்று மடங்கு இழுத்தாலும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். கீறல் விழுந்தால் சூடுபடுத்தாமல் தானே ஆற வேண்டும். வியர்வையைத் தாங்க வேண்டும். இத்தனையையும் ஹைட்ரஜன் பிணைப்பு வைத்தே செய்யப் போகிறாள். “அக்கா, யூபைதானே எல்லாத்தையும்விட ஸ்ட்ராங்? அதையே போட்டுடவா?” என்றாள்.

உடனே பதில் சொல்ல முடியவில்லை. யூபை, நான்கு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு இறுக்கிப் பிடிக்கும் ஒரு மூலக்கூறு அலகு. அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ‘எது வலுவானது’ என்பதை முதல் கேள்வியாக வைத்தால் இந்தத் துறையில் தவறான பொருளைத்தான் கையில் எடுப்போம். அவளுக்கு அன்று துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. பாலித்தீன் போன்ற சாதாரண பாலிமரில் சங்கிலி முழுக்கச் சகப்பிணைப்பால் ஆனது. ஒரு கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றின் வலு பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மீமூலக்கூறு பாலிமர்களில் சிறு மூலக்கூறுகளோ குட்டைச் சங்கிலிகளோ இப்படிப்பட்ட பலவீனமான பிடிகளால் தாங்களாகவே கூடி நீள்கின்றன. அறுந்தால் அறுவது இந்தப் பிடிதான். அது மறுபடி பிடித்துக்கொள்ளும் என்பதால்தான் பொருள் ஆறுகிறது. சகப்பிணைப்பு அறுந்தால் அறுந்ததுதான்.

1990இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ழான்-மாரி லேன் குழு, இரு முனையிலும் மும்மடங்கு ஹைட்ரஜன் பிணைப்பு போடக்கூடிய மூலக்கூறுகளைக் கலந்து இப்படி ஒரு திரவப் படிகப் பாலிமரை உருவாக்கியது. ஒன்றின் முனையில் யுராசில், மற்றதன் முனையில் டைஅமிடோபிரிடின். அழகான யோசனை. ஆனால் அந்த ஜோடியின் பிடி தளர்வானது. ஏன் தளர்வு என்று புரிந்துகொண்டால் மற்ற அலகுகளை எடைபோடுவது சுலபம்.

ஒவ்வொரு ஹைட்ரஜன் பிணைப்பிலும் ஹைட்ரஜனைக் கொடுக்கும் கை ஒன்று, வாங்கும் கை ஒன்று. மும்மடங்குப் பிணைப்பில் மூன்று கைகள் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையில் கொடுக்கும் கையும் வாங்கும் கையும் மாறி மாறி வந்தால், எதிர்ப்பக்கத்து மூலைவிட்டக் கைகள் ஒன்றையொன்று விலக்கும். ஒரு பக்கம் முழுக்கக் கொடுக்கும் கை, எதிர்ப்பக்கம் முழுக்க வாங்கும் கை என்று அமைந்தால் மூலைவிட்டத்திலும் ஈர்ப்புதான். 1990 வாக்கில் ஜோர்கென்சன் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். பிணைப்புகளின் எண்ணிக்கை எல்லாவற்றிலும் மூன்றுதான். ஆனால் குளோரோஃபார்ம் என்ற கரைப்பானில் மாறி மாறி வரும் வரிசையின் பிணைப்பு மாறிலி (பிடி எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் எண்) 100 அளவில் நிற்கிறது, பாதி ஒழுங்கானது 10,000ஐத் தொடுகிறது, முழு ஒழுங்கானது 1,00,000ஐயும் தாண்டுகிறது. லேன் எடுத்தது மாறி மாறி வரும் வகை.

அதற்காக மாறிலியைத் துரத்திக்கொண்டே ஓட வேண்டியதில்லை. முனைக்கு முனை கோத்துக்கொண்டு போகும் இத்தகைய பாலிமரில் சங்கிலியின் நீளம் மாறிலியின் வர்க்கமூலத்தோடுதான் வளரும். பிடியை 100 மடங்கு வலுவாக்கினால் சங்கிலி 10 மடங்கு நீளும், அவ்வளவுதான். இன்னொரு பக்கம், இரண்டு கை உள்ள மூலக்கூறுகளுக்கு நடுவே ஒற்றைக் கை மூலக்கூறு ஒன்று வந்தால் அந்த இடத்தில் சங்கிலி நின்றுவிடும். நூற்றுக்கு ஒன்று அப்படிப்பட்ட மாசு இருந்தால் சராசரி நீளம் 200ஐத் தாண்டாது, மாறிலி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. எனவே மூன்று மாதம் செலவழித்து வலுவான அலகைத் தயாரிப்பதைவிட, கையில் இருப்பதை ஒரு வாரம் கூடுதலாகச் சுத்தம் செய்வது பல நேரங்களில் அதிகப் பலன் தரும். இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

யூபை

யூரைடோபிரிமிடினோன் என்ற நீண்ட பெயரை ஆய்வகத்தில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. 1997இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் சைபெஸ்மா, மெய்யர் குழு ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது. நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகள். வரிசை கொடு, கொடு, வாங்கு, வாங்கு. ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் இன்னொன்றோடு கச்சிதமாகப் பொருந்தும். தனக்குத் தானே ஜோடி என்பதால் இரண்டு பொருட்களைச் சரிசமமாக அளந்து கலக்கும் தலைவலி இல்லை. குளோரோஃபார்மில் பிணைப்பு மாறிலி 6 கோடி, டொலுயீனில் 60 கோடி.

இதன் திறமையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பழைய சோதனை ஒன்று போதும். இரு முனையிலும் ஹைட்ராக்சில் உள்ள பாலி(எத்திலீன்/பியூட்டிலீன்) என்ற குட்டைச் சங்கிலி, தேன் மாதிரி வழியும் திரவம். அதன் முனைகளில் யூபையை மாட்டிவிட்டால் அதே பொருள் கையில் எடுத்து இழுக்கக்கூடிய ரப்பராகிவிடுகிறது. எடையில் பெரிய மாற்றமில்லை. முதல் தடவை நானே இதைச் செய்தபோது, வட்டக் கண்ணாடித் தட்டில் கரைப்பான் பறந்து முடிந்ததும் ஓரத்தை இடுக்கியால் தூக்கினேன். தேன் படலமாய்க் கிளம்பிவந்தது. அந்த மகிழ்ச்சியை மறக்க முடியாது.

தயாரிப்பும் பெரிய வித்தை இல்லை. மெத்தில் ஐசோசைட்டோசின் என்ற வெள்ளைத் தூளையும் ஐசோசயனேட்டையும் சேர்த்துச் சூடாக்கினால் போதும். என்ன, அந்தத் தூள் எதிலும் ஒழுங்காகக் கரையாது. கலங்கலாகவே வினை நடக்கும், வடிகட்டுவதற்குள் பொறுமை போய்விடும். பிணைப்பு உருவானதா என்று பார்க்க என்.எம்.ஆர். என்ற காந்த நிறமாலை எடுத்தால் 10, 12, 13 பிபிஎம் பக்கம் மூன்று உச்சிகள் தெளிவாக நிற்கும். இவ்வளவு கச்சிதமான கையெழுத்து வேறு அலகுகளில் கிடைப்பதில்லை.

சரி, இத்தனை நல்லது இருந்தும் இவளுக்கு ஏன் வேண்டாம் என்றேன்? யூபை ஜோடிகள் தட்டையானவை. பக்கத்தில் யூரியாவோ யூரெத்தேனோ இருந்தால் ஜோடிகள் தட்டு மேல் தட்டாக அடுக்கிக்கொண்டு நார் நாராகப் படிகமாகின்றன. வலு வேண்டுபவர்களுக்கு அது வரம். அறை வெப்பநிலையில் ஆற வேண்டும் என்பவர்களுக்குத் தடை, ஏனென்றால் அடுக்குக்குள் சிக்கிய கை, வெட்டுமுகத்துக்கு வந்து எதிர்ப்பக்கக் கையைத் தேட முடியாது. இப்படிப்பட்ட படலங்களை ஆற்றப் பெரும்பாலும் சூடுபடுத்தத்தான் வேண்டியிருக்கிறது. நான் ஊற்றிய படலங்களில் இரண்டு, ராத்திரி கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்துவிட்டுக் காலையில் பால் கலந்ததுபோல் வெளிறியிருந்தன. வெட்டி ஒட்டிப் பார்த்தேன், இரண்டு நாள் வைத்தும் ஒட்டவில்லை. 80 டிகிரி அடுப்பில் வைத்தபிறகுதான் ஒட்டியது. தோலில் ஒட்டியிருக்கும் படலத்தை 80 டிகிரிக்கு எப்படிக் கொண்டுபோவது?

எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்பது இன்னொரு விஷயம். டொலுயீனில் ஒரு யூபை ஜோடியின் ஆயுள் சுமார் 1.7 விநாடி, குளோரோஃபார்மில் அதில் பத்தில் ஒரு பங்கு. திரவத்தில் இதுவே கணிசமான நேரம். திடப்பொருளில், அதுவும் அடுக்குக்குள், இன்னும் பல மடங்கு கூடும். வலுவான பிடி என்றால் மெதுவாக விடும் பிடி என்றும் அர்த்தம். ஆறுவதற்கு விட்டாக வேண்டும்.

யூபையை நான் ஒதுக்கவில்லை. சூட்டில் உருக்கி நூலாக்கி, குளிர்ந்ததும் வலுவாக நிற்க வேண்டிய பொருளுக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. உருகும்போது சங்கிலிகள் அவிழ்ந்து தண்ணீராய் ஓடும், ஆறியதும் மறுபடி கோத்துக்கொள்ளும். உடலுக்குள் வைத்துத் திசு வளர்க்கும் சாரங்களுக்காக இதைப் பல ஆண்டுகளாக மெருகேற்றி வருகிறார்கள். 2005இலேயே பாட்ரீசியா டாங்கர்ஸ் குழு, செல்கள் பற்றிக்கொள்ளும் பெப்டைடுகளையும் யூபை கொண்டு கோத்துக் காட்டிவிட்டது. இவள் கேட்டது அந்த வேலை இல்லை, அவ்வளவுதான்.

பாரிஸ் ரப்பர்

2008இல் பாரிஸ் இ.எஸ்.பி.சி.ஐ.யில் லுட்விக் லைப்லர் குழு ‘நேச்சர்’ இதழில் ஒரு ரப்பரை அறிமுகப்படுத்தியது. படித்த அன்றே எனக்குப் பிடித்துப்போனது. மூலப்பொருள் தாவர எண்ணெயிலிருந்து வரும் கொழுப்பமிலங்கள், டைஎத்திலீன்ட்ரைஅமீன், அப்புறம் யூரியா. வயலில் வீசுகிறோமே, அதே யூரியா. மூலக்கூறுகள் எல்லாம் சிறியவை, ஒரே மாதிரியும் இல்லை. அந்தக் கலவைத்தன்மைதான் சூட்சுமம். அளவும் வடிவமும் வேறுபட்டவை அடுக்கிக்கொள்ள முடியாததால் படிகமாவதில்லை. ஒவ்வொரு பிடியும் சுமார்தான், ஆனால் எண்ணிக்கையில் ஏராளம்.

கத்தியால் வெட்டி, வெட்டுமுகங்களை அறை வெப்பநிலையிலேயே சேர்த்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி பல மடங்கு இழுக்கலாம். ஆனால் வெட்டியதும் சேர்க்க வேண்டும். தனித்தனியாக வைத்திருந்தால் வெட்டுமுகத்தில் ஜோடியிழந்து நின்ற கைகள் தங்கள் பக்கத்திலேயே துணை தேடிக்கொள்ளும். பிறகு எதிர்ப்பக்கத்தை அவை கண்டுகொள்ளாது. நீண்ட நேரம் விட்டுச் சேர்த்தால் ஒட்டும் வலு குறைந்துகொண்டே போகும்.

விலையை வைத்துப் பார்த்தால் இதற்குப் போட்டியே இல்லை. ஆர்கெமா நிறுவனம் ரெவர்லிங்க் என்ற பெயரில் இதைத் தொழில்முறையில் எடுத்துச்சென்றது. கல்லூரி மாணவர்களுக்குத் தானே ஆறும் பொருளைச் செய்துகாட்ட வேண்டுமென்றால் நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

குறை என்னவென்றால் இதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை 28 டிகிரி. அதாவது ஏசி அறையில் விறைத்துப்போகும். ரப்பராக்க ஆய்வாளர்கள் 11 சதவீதம் டோடெக்கேன் சேர்த்து அதை 8 டிகிரிக்கு இறக்கினார்கள். டோடெக்கேன் எண்ணெய் மாதிரி கசியக்கூடியது, தோலில் ஒட்டும் பொருளில் எனக்கு அது பிடிக்கவில்லை. தண்ணீரும் இதே இளக்கும் வேலையைத் தன் பங்குக்குச் செய்யும். அமைடு, யூரியா எல்லாம் தண்ணீரை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைப்பவை. சென்னையில் நவம்பர் மாதம் ஈரப்பதம் என்ன என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மேசைமேல் விட்டுப்போன துண்டு ஒரு வாரத்தில் தொட்டால் விரலோடு வரும் பசையாக மாறியிருந்தது.

தயோயூரியா

யூரியாவிலுள்ள ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைத்தால் தயோயூரியா. ஒரே ஓர் அணு மாற்றம். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் டகுசோ ஐதா குழு இதில் கண்டது, ‘வலு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் அத்தனை பேரும் படிக்க வேண்டிய பாடம்.

யூரியா அலகுகள் நேர்க்கோட்டில் அழகாக அடுக்கிக்கொள்ளும், படிகமாகும். கந்தகம் பெரியது, ஹைட்ரஜனை வாங்குவதில் ஆக்சிஜன் அளவு கெட்டியில்லை. அதனால் தயோயூரியாக்கள் வளைந்து நெளிந்து, கோணல்மாணலாகப் பிடித்துக்கொள்கின்றன. பிடி நிறைய, ஒழுங்கு இல்லை, எனவே படிகமும் இல்லை. குட்டையான ஈதர் சங்கிலிகளுக்கு நடுவே தயோயூரியாவை வைத்துச் செய்த பாலிமர் கடினமாக இருக்கிறது, உடைந்த முகங்களை அறை வெப்பநிலையில் அழுத்திப் பிடித்தால் ஒட்டவும் செய்கிறது. யூரியா வைத்த இரட்டைப் பிறவி அப்படி ஆறவில்லை. 2018இல் ‘சயன்ஸ்’ இதழில் இது அச்சானது. பிணைப்பு எவ்வளவு வலு என்பதைவிட, பக்கத்தில் இருப்பதோடு எவ்வளவு சுலபமாக ஜோடி மாற்றிக்கொள்கிறது என்பது பெரிது என்று ஓர் அணு வித்தியாசத்தில் காட்டிவிட்டார்கள்.

அது கண்ணாடி மாதிரிப் பொருள். கைபேசித் திரைமேல் போட நன்றாக இருக்கும், மூன்று மடங்கு இழுக்க ஆகாது. ஈதர் சங்கிலி ஈரத்தையும் குடிக்கும். அதே குழு 2021இல், ஈரப்பதம் கூடினால் இந்தப் பொருள் வலு இழப்பதைச் சொல்லி, தண்ணீரை வெறுக்கும் சைக்ளோஹெக்சேன் வளையங்களைச் சேர்த்து அதைச் சரிசெய்தது. அந்தத் திருத்தத்தையும் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன், ஏனென்றால் அடுத்த தேர்வும் அதே வழியில்தான் போகிறது.

நடுவில் பி.டி.ஏ. பற்றி இரண்டு வரி. பென்சீன் வளையத்தைச் சுற்றி மூன்று அமைடு. ஒன்றின் மேல் ஒன்று, சுமார் மூன்றரை ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் திருகுபடி மாதிரி அடுக்கிக்கொள்ளும். முதல் சில தட்டுகள் கூடுவதுதான் கஷ்டம், கூடிவிட்டால் மீதி ஓடிவந்து சேரும். தானாகக் கூடும் இயக்கத்தைப் படிக்க இதைவிட நல்ல மூலக்கூறு கிடையாது. பாலிப்ரொப்பிலீனைத் தெளிவாக்கும் சேர்மமாகவும் இந்தக் குடும்பத்துக்கு மவுசு உண்டு. இழுத்தால் திரும்பும் படலம் செய்ய இது தனியாகப் போதாது.

தண்ணீர்

தண்ணீரிடம்தான் எல்லாத் தேர்வும் தேறவோ தோற்கவோ செய்கிறது. யூபையின் 6 கோடி என்ற மாறிலி, குளோரோஃபார்மைத் தண்ணீரால் நிறைவித்தாலே 1 கோடிக்கு இறங்கிவிடுகிறது. குளோரோஃபார்ம் குடிக்கும் தண்ணீரோ மிகமிகக் கொஞ்சம். அந்தத் துளிக்கே இந்தக் கதி. தண்ணீர் மூலக்கூறுக்கும் கொடுக்கும் கை உண்டு, வாங்கும் கை உண்டு. எங்கே பிடி இருக்கிறதோ அங்கே நடுவில் புகுந்துவிடும்.

நம் தோலில் உள்ள கொலாஜன் தண்ணீரிலேயே ஊறிக்கிடந்தும் கழன்று போவதில்லையே என்று கேட்கலாம். 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதற்கு மூன்று இழை கொண்ட வடிவத்தைச் சொன்னார்கள். அதையொட்டி எழுந்த விவாதமே ஹைட்ரஜன் பிணைப்பின் எண்ணிக்கை பற்றித்தான். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு என்றார் ராமச்சந்திரன், ஒன்றுதான் என்றார்கள் ரிச்சும் கிரிக்கும். நேரடிப் பிணைப்பு ஒன்று என்பதே பின்னர் நிலைத்தது. மூன்றுக்கு ஒன்று வீதம் இருந்தும் தோல் தாங்குகிறதென்றால், அந்தப் பிடிகள் முறுக்கின் உள்பக்கம், தண்ணீர் சுலபமாக நுழைய முடியாத நெருக்கத்தில், நூற்றுக்கணக்கில் வரிசையாக இருப்பதும் ஒரு காரணம். டி.என்.ஏ.வின் அடிகளும் அப்படித்தான் உள்ளே ஒளிந்திருக்கின்றன. அப்படியானால் நாமும் பிடியைத் தண்ணீர் வராத வீட்டுக்குள் வைக்க வேண்டும்.

என் தேர்வு

அந்த வீடு சிலிக்கோன். பாலிடைமெத்தில்சிலாக்சேன் என்ற அந்தச் சிலிக்கோன் தண்ணீரை அண்டவிடாது. அதன் சங்கிலி உறைகுளிரிலும் தளதளவென்று அசையும், எனவே பிடி விட்ட கை அலைந்து இன்னொன்றைத் தேடிக்கொள்ள இடம் இருக்கிறது. அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே இரண்டு வகை யூரியா அலகுகளைக் கலந்து வைப்பதுதான் நான் சொன்ன தேர்வு. 2018இல் ஸ்டான்ஃபோர்டில் ஜெனான் பாவ் குழு இதைச் செய்து காட்டியிருக்கிறது.

யூரியாப் பிடி புதிதல்ல. 1958இல் டுபாண்டில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த ஸ்பான்டெக்ஸ் நூல் இழுத்தால் திரும்புவதே யூரியாக்களின் கெட்டியான முடிச்சுகளால்தான். லெக்கிங்ஸ் போட்டவர்கள் எல்லோரும் இதை உடுத்தியிருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு குழு கூடுதலாகச் செய்தது முடிச்சை இரண்டு விதமாக்கியது. ஒன்று, இரண்டு பென்சீன் வளையங்களை ஒட்டிய யூரியா. நேராக அமர்ந்து நான்கு ஹைட்ரஜன் பிணைப்புவரை போட்டு இறுக்கிப் பிடிக்கும். மற்றது, ஐசோஃபோரோன் என்ற கோணலான வளையத்தை ஒட்டியது. மெத்தில் கைகள் இடிப்பதால் நெருங்கி வர முடியாது, பிடி தளர்வு. இழுக்கும்போது தளர்ந்த பிடிகள் முதலில் விட்டு, ஆற்றலை உறிஞ்சி, மறுபடி பிடிக்கின்றன. இறுக்கமானவை வடிவம் போகாமல் காக்கின்றன. கோணல் வளையம் அடுக்கைக் கெடுப்பதால் பால் மாதிரி வெளிறும் தொல்லையும் குறைவு.

அவர்கள் கொடுத்த கணக்கு: 1200 சதவீதம் நீட்சி, சதுர மீட்டருக்கு 12,000 ஜூல் முறிவாற்றல். ஓரத்தில் சிறு வெட்டு இருந்தாலும் இழுக்கும்போது அது கிழிந்து ஓடுவதில்லை. செயற்கை வியர்வையிலும் தானே ஆறியது. இந்தக் கடைசி வரிதான் என்னைப் பொறுத்தவரை வழக்கை முடித்துவைத்தது.

செய்முறையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. சங்கிலியின் முனையில் இருப்பது அமீன், அது ஐசோசயனேட்டைக் கண்டவுடன் பாயும். பனிக்கட்டித் தொட்டியில், சொட்டுச் சொட்டாகச் சேர்க்கவில்லை என்றால் குடுவைக்குள் கட்டி கட்டியாகிவிடும். கெட்டிப் பிடிக்கான டைஐசோசயனேட்டை உறைபெட்டியில் வைக்க வேண்டும்; வெளியில் கிடந்தால் தனக்குள்ளேயே வினைபுரிந்து கெடும், அதன்பின் எடை போடும் கணக்கெல்லாம் பொய். ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, புகைபோக்கி அறைக்கு வெளியே மூடியைத் திறக்கவே கூடாது. வினை முடிந்ததும் மெத்தனால் ஊற்றி மீதியை அடக்கி, அகச்சிவப்பு நிறமாலையில் 2270 பக்கம் ஐசோசயனேட்டின் உச்சி முழுதாக மறைந்ததா என்று பார்க்காமல் படலத்தை யார் தோலிலும் வைக்கக் கூடாது. அதே நிறமாலையில் 1630, 1640 பக்கம் யூரியா உச்சி உயர்ந்திருந்தால் பிடிகள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன. 1690 பக்கம் நகர்ந்திருந்தால் கை நிறைய சும்மா இருக்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமலே இந்த ஒரு வரைபடம் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இதிலும் விட்டுக்கொடுக்க வேண்டியது இருக்கிறது. பாரிஸ் ரப்பரைவிடச் செலவு அதிகம். யூபை போல உருக்கி நூலாக இழுக்கும் சுகம் கிடையாது, கரைப்பானில் ஊற்றித்தான் படலமாக்க வேண்டும். சிலிக்கோன்மேல் வேறு எதுவும் சுலபமாக ஒட்டாது. மின்கம்பியாக எதைப் பதிக்கப்போகிறாள் என்பது தனிப் பிரச்சினை. இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள், “அப்போ யூபையைக் கொஞ்சமா உள்ளே கலந்துக்கலாமா?” என்றாள். கலக்கலாம். யூபைப் பிடியைத் தளதளப்பான சங்கிலிக்குள் வைத்தவர்கள் உண்டு. ஆனால் முதல் படலத்துக்கு வேண்டாம். மாற்றுகிற விஷயம் இரண்டானால், தவறு எதில் என்று சொல்ல முடியாமல் போகும்.

இறுக்கமும் தளர்வும் நான்குக்கு ஆறு என்ற விகிதத்தில் முதல் தொகுதி ஊற்றியாகிவிட்டது. டெஃப்லான் தட்டில் இரண்டு நாள் காய்ந்து, கண்ணாடி மாதிரி தெளிவாகவே கிளம்பியது. விரலால் குத்தி இழுத்தால் குழிந்து, விட்டதும் மெதுவாக நிமிர்கிறது. குறுக்கே வெட்டிய பட்டை ஒன்றைச் சேர்த்துவைத்து, அப்படியே உப்புத் தண்ணீர்க் குடுவைக்குள் போட்டு ஜன்னலோரம் வைத்திருக்கிறாள். இன்றோடு மூன்று நாள். வெட்டுக்கோடு இன்னும் மெலிதாகத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை எடுத்து இழுத்துப் பார்க்கிறோம்.